நம் ஓடிபி நம் கைக்கு வரட்டும்

(பெண்களுக்கும் பெரியவர்களுக்குமான அடிப்படைக் கணினி, இணைய வகுப்பின் தொடக்க நாளில் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)



அன்பிற்குரிய தாய்மார்களே, சகோதரிகளே, பின்வரிசையில் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு அமர்ந்திருக்கும் பெரியவர்களே!

இந்த வகுப்பை ஏன் தொடங்குகிறோம் என்று சொல்வதற்கு முன், எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, பள்ளி, கல்லூரி திறக்கும் காலத்தில் நம் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பங்களை நாங்களே அலுவலகத்தில் உட்கார்ந்து பூர்த்தி செய்து கொடுத்து வந்தோம். கூட்டம் அதிகம், வேலை சீக்கிரம் முடிய வேண்டும். அதனால் செல்போன் எண் கேட்கும் இடத்தில் பெரும்பாலும் எங்கள் அலுவலக எண்ணையே போட்டுவிடுவோம். ஓடிபி நம்மிடமே வந்துவிடும், ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்ற எண்ணம். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வருடம் ஒரு மாணவியின் விண்ணப்பம் திருத்தத்திற்காகத் திரும்பி வந்தது. மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயருக்கும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். அந்தக் குறுஞ்செய்தி அலுவலகப் போனுக்கு வந்தது. அந்த வாரம் போன் வைத்திருந்த சகோதரர் வீட்டுக் கல்யாண வேலையாக வெளியூரில் இருந்தார். நாங்கள் பார்த்தபோது கடைசித் தேதி கடந்துவிட்டது. அந்த வருடத்துக் கட்டணத்தை அறக்கட்டளையிலிருந்து கட்டினோம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளையின் உம்மா அலுவலகத்துக்கு வந்து கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. "அந்த மெசேஜ் என் போனுக்கு வந்திருந்தா எனக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்காதா, தம்பி?" என்று கேட்டார்கள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவர்கள் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்கள். துபாயில் இருக்கும் கணவருடன் தினமும் போட்டிம் செயலியில் முகம் பார்த்துப் பேசுபவர்கள். வாட்ஸ்அப்பில் பேச முடியாத ஊரில் எந்தச் செயலியில் பேசலாம் என்று தானே கண்டுபிடித்து வைத்திருப்பவர்கள். அவர்களுக்குத் தெரியாது என்று நாங்கள்தான் முடிவு செய்துவிட்டோம்.

நம் ஊரில் இது புதிய கதையும் அல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம் ஆட்கள் கடை வைத்திருந்த காலத்தில், சபுராளியிடமிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்ல இன்னொருவரைத் தேடிப் போன வீடுகள் உண்டு. புருஷன் மனைவிக்கு எழுதியதை அடுத்த வீட்டுப் பையன் சத்தமாகப் படிப்பான். அதே காலத்தில் அரபுத் தமிழ் எழுத்துக் கற்ற பெண்கள் தங்கள் கடிதத்தைத் தாங்களே படித்தார்கள், தாங்களே பதில் எழுதினார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதக் கற்றுக்கொண்ட நன்னிமார்களின் பேத்திகளுக்கு ஒரு கீபோர்டு பெரிய காரியம் இல்லை. இன்று பிரவுசிங் சென்டரில் நம் வங்கிக் கணக்கு எண்ணையும் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறோமே, அது அந்தப் பழைய கடிதக் கதைதான்.

இனி வகுப்பில் என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று பார்ப்போம். கணினியைத் தொடுவதற்குப் பயப்படாதீர்கள். தவறான பட்டனை அழுத்தினால் அது வெடித்துவிடாது, கெட்டும் போகாது. எழுதியது அழிந்துவிட்டால் கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு 'இசட்' எழுத்தை ஒரு தடவை தட்டுங்கள். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். தையல் மிஷினில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு மவுஸ் பழக இரண்டு நாள் போதும். இடப்பக்கப் பட்டனை ஒரு தடவை தட்டினால் தேர்ந்தெடுப்பது, இரண்டு தடவை வேகமாகத் தட்டினால் திறப்பது. முதல் நாள் எல்லோருக்கும் அந்த இரண்டாவது தட்டு தாமதமாகத்தான் விழும். வேலை முடிந்ததும் சுவிட்சை நேராக அணைக்காமல், திரையில் 'ஷட் டவுன்' கொடுத்துவிட்டு அணைக்க வேண்டும். மவுஸைப் பற்றி இதற்கு மேல் மேடையில் பேச ஒன்றுமில்லை. கையில் பிடித்தால்தான் வரும்.

உண்மையில் நம் குடும்பங்களுக்குச் சிக்கல் வருவது மிஷினில் அல்ல, பெயரில். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நம் வீடுகளில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறோம் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். 'ஓ' போட்டு எழுதியவர் உண்டு, 'யூ' போட்டு எழுதியவர் உண்டு; ஒரு 'எம்', இரண்டு 'எம்'; கடைசியில் 'ஏ' அல்லது 'இ'; இன்னும் சிலருக்கு வெறும் 'எம்டி' மட்டும். ஃபாத்திமாவுக்குக் கடைசியில் 'எச்' உண்டா இல்லையா? பீவி என்பது பெயரோடு சேர்ந்ததா, தனியா? இனிஷியல் முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா, அல்லது வாப்பாவின் முழுப் பெயராகவே விரிந்து நிற்கிறதா? பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று.

முன்பு கவுண்டரில் இருந்த குமாஸ்தா பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே ஆள்தானே" என்று தலையாட்டிவிடுவார். கணினிக்குத் தலையாட்டத் தெரியாது. ஓர் எழுத்து மாறினாலும் அதற்கு அது வேறு ஆள். அந்த மாணவியின் விண்ணப்பம் நின்றது இதனால்தான். எனவே வகுப்பின் முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் செய்யப்போகும் முதல் வேலை இது: குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆதார், வங்கிப் புத்தகம், மார்க் ஷீட், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் ஒவ்வொன்றிலும் பெயர் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது, பிறந்த தேதி என்ன என்று நோட்டில் எழுதிப் பார்ப்பது. வித்தியாசம் இருந்தால் விண்ணப்பம் போடும் அவசரத்தில் கண்டுபிடிப்பதைவிட இப்போதே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளலாம். இதற்குக் கணினிகூடத் தேவையில்லை, பேனா போதும். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது, சான்றிதழில் எந்த எழுத்தில் பதியப்போகிறோம் என்பதையும் அன்றே பேசி முடிவு செய்யுங்கள் என்பது எங்கள் தனி வேண்டுகோள்.

அடுத்தது சான்றிதழ்களைச் சேமித்து வைப்பது. கணினியில் உள்ள 'ஃபோல்டர்' என்பது பீரோவில் உள்ள தட்டு மாதிரி. மகனுக்கு ஒரு தட்டு, மகளுக்கு ஒரு தட்டு. ஸ்கேன் செய்ததை அதற்குள் வைக்கும்போது பெயரிட்டு வையுங்கள். செல்போன் தானாக வைக்கும் எண்ணோடு விட்டுவிட்டால், ஆறு மாதம் கழித்து எது ஆதார், எது கேஸ் பில் என்று நமக்கே தெரியாது. விண்ணப்பத்தில் ஃபோட்டோ இத்தனை 'கேபி'க்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். கேபி என்பது அந்தக் கோப்பின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள செல்போனில் எடுத்த படம் அவர்கள் கேட்பதைவிடப் பல மடங்கு எடையாக இருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்ப ஏற்றினாலும் ஏறாமல் நிற்கும். நெட் சரியில்லை என்று நாம் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்போம். படத்தின் எடையைக் குறைப்பது ஐந்து நிமிடப் பாடம். அதை மூன்றாவது வகுப்பில் செய்து பார்ப்போம். டிஜிலாக்கர் என்ற அரசுப் பெட்டகமும் உண்டு, 2015-இல் வந்தது. நம் ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைக் கொடுத்த துறையிடமிருந்தே அதில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதைத் திறப்பதற்கும் ஆதாரோடு இணைத்த செல்போன் எண் நம் கையில் இருக்க வேண்டும். பழைய சிம் கார்டு எண்ணை ஆதாரில் வைத்துக்கொண்டிருப்பவர்கள், முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள்.

இப்போது இணையதள முகவரியைப் படிப்பது. இதை மட்டும் நன்றாகக் கேளுங்கள். இந்த வகுப்பில் மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. தபால் முகவரியில் கடைசி வரியில் ஊர் இருக்கும். யார் வேண்டுமானாலும் தன் வீட்டு வாசலில் 'கலெக்டர் ஆபீஸ்' என்று போர்டு மாட்டலாம். ஆனால் ஊரும் பின்கோடும் பொய் சொல்லாது. இணைய முகவரியும் அப்படித்தான். முதலில் வரும் சாய்கோடு இரண்டையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு முதலாவதாக வரும் ஒற்றைச் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, வலப்பக்கக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். கடைசியில் 'கவ் டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்று இருந்தால் அது இந்தியாவில் அரசுக்குரிய முகவரி. 'கவ்' என்பது நடுவில் எங்கோ இருந்து, கடைசியில் 'டாட் காம்' என்றோ 'டாட் ஆன்லைன்' என்றோ முடிந்தால், வாசலில் மாட்டிய போர்டுக்கு மயங்க வேண்டாம். பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் இருக்கிறதே என்பீர்கள். நாம் அனுப்புவதை வழியில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. போய்ச் சேரும் இடத்தில் இருப்பவன் நல்லவனா என்பதற்கு அது பொறுப்பு இல்லை.

எல்லாப் பொதுச் சேவையும் 'கவ் டாட் இன்' என்று முடிவதில்லை. ரயில் டிக்கெட்டுக்கான ஐஆர்சிடிசி 'கோ டாட் இன்' என்றுதான் முடியும். அப்படிப்பட்டவற்றை ஒரு தடவை சரிபார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு, எப்போதும் அதையே தட்டச்சு செய்வது நல்லது. கூகுளில் தேடினால் மேலே 'ஸ்பான்சர்டு' என்று சின்ன எழுத்தில் வருவது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். முதலில் வந்ததால் அது அசல் ஆகிவிடாது. முக்கியமாக, வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கத்திலேயே அந்த எண் இருக்கிறது.

பணம் சம்பந்தமாக ஒரு விஷயம். ஜிபே, போன்பே எதுவானாலும், ரகசிய எண் போடுவது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதற்குத்தான். உள்ளே வருவதற்கு ரகசிய எண் தேவையில்லை, கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. "உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், பின் நம்பர் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். ரமலான் வந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் நோயாளிக் குழந்தையின் படத்தோடு ஒரு கியூஆர் கோடும் வந்துவிடும். படம் உண்மையாக இருக்கலாம், கோடு வேறொருவனுடையதாக இருக்கும். நம் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு விவரம் அலுவலகப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறது. எங்கள் பெயரில் வேறு எந்தக் கோடு வந்தாலும், ஜகாத் பணத்தை அனுப்பும் முன் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து கேளுங்கள். எங்களைச் சந்தேகப்படுகிறீர்கள் என்று நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.

போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து, "உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமரா முன்னால் இருந்து எழுந்திருக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது" என்று மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். நம் பெயரை வைத்துக்கொண்டு மிரட்டினால் நம் வீடுகளில் பயம் இரட்டிப்பாகும் என்பது அந்தத் திருடர்களுக்கும் தெரிந்திருக்கலாம். நம் பெரியவர்கள் போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். திருடனுக்கு வேண்டியது அதுதான். அப்படி அழைப்பு வந்தால் போனைத் துண்டித்துவிட்டு, அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' தளத்திலும் புகார் பதியலாம். முதல் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. மகன் திட்டுவானோ என்று இரண்டு நாள் மறைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். மகன்மார்களுக்கும் ஒரு வார்த்தை: உம்மா வந்து சொன்னால், திட்டுவதை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு முதலில் 1930-க்கு அடியுங்கள்.

சபர் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. ஏஜென்ட் ஒருவர் வளைகுடாவில் வேலை இருக்கிறது என்று பணம் கேட்டால், 'இமைக்ரேட் டாட் கவ் டாட் இன்' என்ற மத்திய அரசின் தளத்தில் அவர் பதிவு பெற்றவரா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பதிவு பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவது 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி குற்றம். பதிவு பெற்றவரும் தம் சேவைக்கென்று வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். அதற்கு ரசீதும் கொடுக்க வேண்டும். நம் ஊரில் விசாவுக்கென்று எவ்வளவு கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை நீங்களே அறிவீர்கள். நகையை அடகு வைக்கும் முன் பத்து நிமிடம் இந்தத் தளத்தைப் பாருங்கள். விசிட் விசாவில் போய் அங்கே வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம், எழுத்தில் வேலை ஒப்பந்தம் எங்கே என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியது பெரும்பாலும் உம்மாமார்கள்தான். பையன் அப்போது பெட்டி கட்டும் சந்தோஷத்தில் இருப்பான்.

தமிழில் எழுதுவது பற்றிப் பலர் கேட்டீர்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைத்தான் கணினியில் கற்றுக்கொடுக்கப் போகிறோம். உயிரெழுத்து இடக்கையில், மெய்யெழுத்து பெரும்பாலும் வலக்கையில் வரும், பழகிவிட்டால் வேகம். செல்போனில் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்வதும், வாயால் சொல்லி எழுத வைப்பதும் உண்டு. எது கைக்கு வருகிறதோ அதைச் செய்யுங்கள், இதில் சண்டை வேண்டாம்.

ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி இந்த வகுப்பிலேயே தொடங்கித் தருவோம். தட்டச்சு செய்யப்போவது நீங்கள், பாஸ்வேர்டு வைக்கப்போவதும் நீங்கள். எங்கள் ஆசிரியைகள் அந்த நேரத்தில் திரையைப் பார்க்காமல் திரும்பி நிற்பார்கள். பாஸ்வேர்டை எங்குமே எழுதக்கூடாது என்று புத்தகங்களில் இருக்கும். நாங்கள் அதை முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. அறுபது வயதுப் பெரியவர் தம் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, நகை இருக்கும் பீரோவில் பூட்டி வைத்தால், ஏழு சமுத்திரம் தாண்டி இருக்கும் திருடன் அந்தப் பீரோவைத் திறக்க வரமாட்டான். செல்போன் உறைக்குள் மடித்து வைப்பதும், பேரன் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து வைப்பதும்தான் ஆபத்து. வங்கியின் ரகசிய எண்ணை மட்டும் எங்கும் எழுதாதீர்கள். வெளியில் பிரவுசிங் சென்டருக்குப் போனால், எழுந்திருக்கும் முன் 'லாக் அவுட்' கொடுங்கள். டவுன்லோடு செய்த ஆதாரை அங்கேயே விட்டுவிட்டு வராமல் அழித்துவிடுங்கள்.

இந்த ஆண்டு முதல் அலுவலகத்தில் பூர்த்தி செய்யும் எந்த விண்ணப்பத்திலும் எங்கள் எண் போடப்பட மாட்டாது. ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும். அதை நீங்களே திரையில் தட்ட வேண்டும். கொஞ்சம் நேரம் ஆகும், வரிசை நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். உதவிக்குப் பக்கத்தில் ஆள் இருப்பார், உங்கள் கையைப் பிடுங்கிக்கொண்டு அவரே தட்ட மாட்டார்.

பெண்களுக்கான வகுப்பு, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் காலை பத்தரைக்குத் தொடங்கி லுஹருக்கு முன் முடியும். பெரியவர்களுக்கு சனி, ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு. கட்டணம் இல்லை. செல்போன், சார்ஜர், நூறு பக்க நோட்டு, மேலே சொன்ன ஆவணங்களின் நகல்கள், கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடி ஆகியவற்றோடு வாருங்கள். ஆதார் அசலைக் கொண்டுவந்து வகுப்பில் தொலைத்துவிட வேண்டாம். ஜன்னல் ஓரம் உள்ள கணினியின் மவுஸ் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. வேறு வாங்கச் சொல்லியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ் திங்கட்கிழமைக்குள் வந்துவிடும்.

வஸ்ஸலாம்.